கேள்விக்குறியோடு நிற்கும் கேஸ் ஷீட்

(கல்பாக்கத்தில் மருத்துவ மாணவர்களும் ஊர்மக்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வழக்கம்போல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கும் மருத்துவ மாணவர்கள் முன்னால் வந்து உட்காரலாம். இது வைவா இல்லை.

சேவை மனப்பான்மையைப் பற்றிப் பேசும்படி அழைத்தவர்கள் கேட்டார்கள். அதைப் பேச நம் நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் அதைவிடச் சின்ன விஷயம் ஒன்றைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நீங்கள் குப்பங்களிலும் கிராமங்களிலும் கிளினிக் நடத்துகிறீர்கள். மேற்பார்வைக்கு ஒரு டாக்டர் இருக்கிறார். ஆனால் மேஜை போடுவதிலிருந்து பி.பி. பார்ப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, மாத்திரை கொடுப்பது வரை நடத்துவது மாணவர்கள்தான். கிளினிக் முடிந்ததும் அந்தக் கேஸ் ஷீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைக்கிறீர்கள். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

அந்தக் கட்டை எடுத்து வரிசையாகப் புரட்டிப் பார்த்தால் அன்றைய கூட்டம் எப்படி இருந்தது என்று யாரும் சொல்லாமலே தெரியும். முதல் பத்துத் தாள்களில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். குடும்ப வரலாறு, முன்பு வந்த நோய்கள், வீட்டில் எத்தனை பேர், சமைப்பது விறகிலா கேஸிலா என்பது வரை இருக்கும். பதினொரு மணிக்கு மேல் வரிகள் குறுகும். பன்னிரண்டரைக்கு எழுதிய தாளில் பெயர், வயது, ஒரு பி.பி. எண், ஒரு மாத்திரைப் பெயர். அவ்வளவுதான். போன் நம்பர் கட்டம் காலி. எடை காலி. ‘ரிவ்யூ’ என்று அச்சடித்த இடத்தில் ஒரு கோடு. சில தாள்களில் டயக்னோசிஸ் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டு, பக்கத்தில் ‘டி.பி.’ என்று எழுதியிருக்கும். சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். ரிசல்ட் என்ன என்பதற்கு அந்தத் தாளில் பதில் இருக்காது.

அந்தக் கேள்விக்குறியைத்தான் நான் மிகவும் ஆபத்தானதாக நினைக்கிறேன். டாக்டருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது, அதை எழுதியும் வைத்திருக்கிறார், ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு யாருடையது என்று எங்கும் எழுதவில்லை. நோயாளி இருமிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் பேரக்குழந்தை இருக்கிறது.

முடியாத கேஸ் ஷீட் இரண்டு வகை. நாம் இரண்டையும் ஒரே பெட்டியில் போடுகிறோம், அதனால் இரண்டுமே முடிவதில்லை. ஒரு வகை, நாம் எழுதாமல் விட்டது. பார்த்தோம், கேட்டோம், கை வலித்தது, எழுதவில்லை. மற்றது, எழுத முடியாமல் நிற்பது. ரிசல்ட் வரவில்லை, நோயாளி திரும்பவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், போனாரா தெரியவில்லை.

முதல் வகைக்கு மருந்து எளிது. வேன் கிளம்புவதற்குள் எழுதிவிட வேண்டும், மேற்பார்வை டாக்டர் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வாரம் ஹாஸ்டலில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து நிரப்புவது இருக்கிறதே, அதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருதயம் என்று ஒரு வரி, நுரையீரல் என்று ஒரு வரி, எல்லாத் தாளிலும் ஒரே கையெழுத்தில் ‘எஸ்1 எஸ்2 கேட்கிறது’, ‘மூச்சொலி இயல்பு’. ஸ்டெதஸ்கோப் நோயாளியின் மார்பைத் தொட்டதா என்று அந்தத் தாளைக் கேட்டால் அது பொய் சொல்லும். காலியாக விட்ட கட்டம் அடுத்து வரும் டாக்டரிடம் ‘இதைப் பார்க்கவில்லை, நீ பார்’ என்று சொல்லும். பொய்யாக நிரப்பிய கட்டம் அவரைப் பார்க்க விடாமல் தடுக்கும். ஒரு பாட்டிக்கு இருதய வால்வில் கோளாறு இருந்து, இரண்டு வருடக் கேஸ் ஷீட்டும் இயல்பு இயல்பு என்று சொல்லிக்கொண்டிருந்தால், மூன்றாவது வருட மாணவன் எதை நம்புவான்? காலியாக இருப்பதைக் காலியாகவே விட்டு, ‘பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். அதற்கு மார்க் குறைக்கும் ஆசிரியர் இருந்தால் அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இரண்டாம் வகைதான் கடினம். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் ஒரே வரியைச் சொல்வார்கள்: “நம்ம ஜனங்க திரும்பி வர மாட்டாங்க சார்.” மாணவர் சொல்வார், நர்ஸ் சொல்வார், சில சமயம் டாக்டரும் சொல்வார். மற்ற மாவட்டங்களின் கதை எப்படியோ, செங்கல்பட்டுச் சீமையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது வேடிக்கை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பக்கத்துச் சென்னையில் நடந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சிக்காக ஒரு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய மெட்ராஸ் அரசு எல்லோரும் சேர்ந்து நடத்தியது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அப்போது காசநோய் என்றால் சானடோரியம். தாம்பரம் சானடோரியம் என்று பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, தெரியும்தானே. ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு இல்லாமல் இந்த நோய் குணமாகாது என்பது அன்றைய மருத்துவ வேதம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டரும் அவர் கூட்டத்தாரும் சென்னையின் ஏழை நோயாளிகள் ஏறத்தாழ இருநூறு பேரை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப்பேரைச் சானடோரியத்துக்கும் பாதிப்பேரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, இடம் நெருக்கம், வேலைக்கும் போனார்கள். முடிவு 1959-ல் வெளிவந்தது. வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே குணமானார்கள். கூட வசித்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தக் கதையைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். புத்தகம் அவசரமாகத் தாண்டிப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டு நோயாளிகளைச் சும்மா விட்டுவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஆள் போகும். டப்பாவில் மீதி எத்தனை மாத்திரை என்று எண்ணும். சிறுநீர் வாங்கிச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கும். கிளினிக்குக்கு வர வேண்டிய நாளில் வரவில்லை என்றால் தேடிப் போகும். அந்த ‘வீட்டுச் சிகிச்சை’யில் பாதி மருந்து, பாதி தேடல். கீழ்த்தட்டு மக்கள், படிக்காதவர்கள், குடிசையில் இருந்தவர்கள், ஒரு வருடம் தொடர்ந்து சிகிச்சையில் நின்றார்கள். நம் ஜனங்கள்தான் அவர்களும்.

அடுத்தது, நம் மாவட்டப் பெயரே உலக மருத்துவ நூல்களில் ஏறிய கதை. பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கிறதா என்று பார்க்க ‘செங்கல்பட்டு ஆய்வு’ 1968-ல் தொடங்கியது. ஆய்வு நடந்தது திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில். அன்று அது செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்திருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் எண் கொடுத்து, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் பதிவுசெய்து, 1971-க்குள் ஏறத்தாழ 2,80,000 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு உண்மையான தடுப்பூசி, சிலருக்கு வெற்று ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது. பிறகு 15 வருடம் தொடர்ந்தார்கள். இரண்டரை வருடத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே வண்டி அதே கிராமங்களுக்கு வரும். நெஞ்சுப் படத்தில் சந்தேகம் தெரிந்தவர்களிடம் சளி வாங்கி, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். இதற்கிடையில் ஜனங்கள் கல்யாணமாகி வேறு ஊர் போனார்கள், வேலை தேடிப் பட்டணம் போனார்கள், செத்தும் போனார்கள். பேரேடும் அட்டையும் பேனாவும்தான் கருவி. யார் கையிலும் மொபைல் இல்லை.

வந்த முடிவு யாருக்கும் பிடிக்காத முடிவு. பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராக அந்தத் தடுப்பூசி அங்கே பாதுகாப்புத் தரவில்லை. எத்தனையோ பேர் முகம் சுளித்தார்கள், காரணம் தேடினார்கள். ஆனால் ‘உங்கள் கணக்கில் ஆட்கள் காணாமல் போயிருப்பார்கள், அதனால் இந்த முடிவு வந்தது’ என்று சொல்லி ஒதுக்க முடியவில்லை. அந்த அளவுக்கு ஆட்களைத் தொடர்ந்திருந்தார்கள். பிடித்த முடிவு வந்திருந்தால் அரைகுறைப் பதிவேட்டையும் உலகம் மன்னித்திருக்கும். பிடிக்காத முடிவைத் தாங்கி நின்றது பதிவேட்டின் முழுமைதான்.

இரண்டு ஆய்வுகளிலும் மக்கள் கிடைத்தார்கள். காரணம், அவர்களைத் தேடுவது ஒருவரின் வேலையாக இருந்தது. சம்பளமும் தேதி போட்ட பட்டியலும் கொடுத்து வைத்திருந்த வேலை. நம் கிளினிக்கில் நோயாளியைப் பார்ப்பது எல்லோருடைய வேலை. தேடுவது யாருடைய வேலையும் இல்லை.

‘அது பணம் கொழித்த ஆராய்ச்சி, எங்களிடம் ஒரு வேனும் நாலு மேஜையும்தான்’ என்பீர்கள். நியாயம்தான். அதனால் இந்த ஊரையே பார்ப்போம்.

கல்பாக்கம் அணுசக்தி நகரியத்து நண்பர்களுக்கு டி.எல்.டி. பேட்ஜ் தெரியும். கதிர்வீச்சு இருக்கும் இடத்தில் வேலை செய்கிறவர் சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தச் சின்ன அட்டை. குறித்த காலத்துக்கு ஒரு முறை அதை வாங்கிப் படித்து, அவர் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியது என்று எழுதி வைக்கிறார்கள். வருடத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட், ஐந்து வருடத்துக்குச் சேர்த்து 100, எந்த ஒரு வருடத்திலும் 30-க்கு மேல் போகக் கூடாது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. ஐந்து வருடக் கணக்கு ஒன்று வைக்கச் சொன்னாலே, ஆள் எங்கே போனாலும் கணக்கு அவர் கூடவே போக வேண்டும் என்று ஆகிவிடுகிறது. கல்பாக்கத்தில் வேலை செய்தவர் கூடங்குளம் போனாலும் பழைய டோஸ் அவர் பெயரில் தொடரும். தேசிய அளவில் பதிவேடு இருக்கிறது. அணு உலை ஷட்டவுன் சமயத்தில் கொஞ்ச நாளுக்கு வந்துபோகும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இதுதான் விதி.

அதே கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு நம் கிளினிக்கில் சுகர் 280 என்று வருகிறது. அடுத்த வாரம் வெறும் வயிற்றில் வரச் சொல்கிறோம். அவர் வரவில்லை. அந்த 280 எங்கே போகிறது? ரப்பர் பேண்ட் போட்ட கட்டுக்குள். இவர் நிரந்தர ஊழியராக இருந்தால் அணுசக்தித் துறையின் மருத்துவத் திட்டத்தில் அட்டை இருக்கும், நகரிய மருத்துவமனையில் ஃபைல் இருக்கும், ஓய்வு பெற்ற பிறகும் அது தொடரும். நகரியச் சுவருக்கு உள்ளே ஒரு மனிதனுக்கு ஒரு ஃபைல். சுவருக்கு வெளியே ஒரு மனிதனுக்கு ஒன்பது துண்டுச்சீட்டு. குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பதிவேட்டைத் தொடர்வது எப்படி என்று இந்த ஊருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜனங்கள் ஏன் திரும்பி வருவதில்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், ஊகிக்க வேண்டாம். கடலுக்குப் போகிறவர் விடியலுக்கு முன் கிளம்பி, கரை திரும்பி, மீனை ஏலத்தில் விட்டு, வலையைச் சரிசெய்து படுக்கும் நேரத்தில் நாம் மேஜை போடுகிறோம். மீன் கூடை தூக்கிப் போகும் அம்மா காலை பஸ்ஸைப் பிடித்துப் போனால் மதியம்தான் திரும்புவார். வெறும் வயிற்றில் வரச் சொல்கிறோம். பத்தரை வரை வெறும் வயிற்றோடு கூடை சுமக்க முடியுமா? பாலாற்றுப் பக்கமும் உள்கிராமங்களிலும் இருக்கும் இருளர் குடும்பங்கள் வேலை கிடைக்கும் இடத்துக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். செங்கல் சூளை, சவுக்குத் தோப்பு, அரிசி ஆலை என்று மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருவார்கள். அவர்கள் எங்கே போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டாருக்குத் தெரியும். நம் கேஸ் ஷீட்டில் பக்கத்து வீட்டார் பெயருக்கு இடம் இல்லை.

விலாசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குப்பத்தில் ஒரே பெயரில் ஐந்து பேர் இருப்பார்கள். ஆகவே ‘லட்சுமி, 48, பெண்’ என்று எழுதிய தாள் யாரையும் குறிப்பதில்லை. கணவர் பெயர், எந்தத் தெரு, எந்தக் கோயில் பக்கம், வீட்டுக்கு ஊரார் சொல்லும் பெயர் எல்லாம் வேண்டும். போன் நம்பர் வாங்கினால் யாருடைய போன் என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் அது சென்னையில் வேலை செய்யும் மகனுடையது. பகலில் எடுக்க மாட்டார், எடுத்தாலும் பதறிப்போவார். விவரத்தை நோயாளி கையில் மட்டும் விட்டுவைக்கவும் கூடாது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ல் இந்தக் கரையில் வீட்டுக்குள் இருந்த காகிதமெல்லாம் கடலோடு போனதை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு நோயாளி கையில் மட்டும் இருந்த சீட்டு போயே போய்விட்டது.

இதில் ஒரு முரண்பாடு. நம் ஊர் வயதான அம்மாக்கள் ஜவுளிக்கடைப் பை ஒன்றில் பத்து வருடச் சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் பத்திரமாக மடித்து வைத்திருப்பார்கள். ‘பழைய சீட்டு இருக்கா?’ என்று கேட்ட அடுத்த நொடி பை திறக்கும். நோயாளி வைத்திருக்கும் பதிவேடு பல சமயம் கிளினிக் வைத்திருப்பதைவிட ஒழுங்கானது. அதைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் புதுத் தாளில் முதலிலிருந்து ஆரம்பிப்பது நம் சோம்பல்.

இனி மாணவர்களுக்கே உரிய சிக்கல். மாணவர் கிளினிக்கில் டாக்டர் மாறிக்கொண்டே இருப்பார், நோய் மாறாது. உங்கள் போஸ்டிங் சில வாரம். சர்க்கரை நோய் முப்பது வருடம். இது இங்கே மட்டும் இல்லை. அமெரிக்காவில் பல மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களே நடத்தும் இலவச கிளினிக்குகள் உண்டு. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 1997-லிருந்து நடக்கிறது. மாணவர்கள் முறை வைத்து மாறும் எந்தக் கிளினிக்கிலும் இதே கேள்விதான் எழும்: போன வாரம் அனுப்பிய ரத்தப் பரிசோதனையின் ரிசல்ட்டை இந்த வாரம் யார் பார்ப்பது?

மாறாமல் திரும்பி வருவது எப்படி என்பதற்கு வேலூரைப் பாருங்கள். அங்கே டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் குடியாத்தம் சாலையில் வண்டி கட்டிப் போய் மரத்தடிகளில் வைத்தியம் பார்த்தார். 1909-ல் அவருக்கு ஒரு பெஜோ கார் வந்தது. பிறகு 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியபின் மாணவிகளும் கூடப் போனார்கள். அந்த ரோட்டோர வைத்தியம் நிலைத்ததற்கு மருந்தைவிட முக்கியமான காரணம், அதே சாலையில், அதே நிறுத்தங்களில், வாராவாரம் வண்டி வந்ததுதான். நோயாளி திரும்பி வர வேண்டும் என்றால் முதலில் டாக்டர் திரும்பி வர வேண்டும். ஒரு ஞாயிறு இந்தக் குப்பம், அடுத்த ஞாயிறு அந்தக் குப்பம், பரீட்சை வந்தால் இரண்டு மாதம் லீவு என்று நாம் வைத்துக்கொண்டு, நோயாளியை ‘வரவில்லை’ என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

இப்போது தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் கொண்டுவந்திருக்கிறது. 2021-22-ல் சேர்ந்தவர்களிலிருந்து, ஒவ்வொரு எம்.பி.பி.எஸ். மாணவரும் முதல் வருடத்திலேயே சில குடும்பங்களை எடுத்துக்கொண்டு அடுத்தடுத்த வருடங்களிலும் அதே வீடுகளுக்குப் போக வேண்டும். நல்ல யோசனை, சந்தேகமில்லை. ஆனால் அதையும் லாக் புக்கில் கையெழுத்து வாங்கும் சடங்காக மாற்றிவிடும் திறமை நம்மிடம் இருக்கிறது. உங்கள் குடும்பத்தின் தாத்தாவுக்கு பி.பி. மாத்திரை தொடர்ந்து கிடைக்கிறதா என்பது லாக் புக்கில் மார்க் உள்ள கேள்வியா? இல்லை என்றால், அந்தக் கேள்வியை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்விகளைக் கேஸ் ஷீட்டிலேயே எழுதி வைக்கவும் முன்னோடிகள் உண்டு. லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க டாக்டர் 1968-ல் எழுதிய கட்டுரை மருத்துவப் பதிவின் வடிவத்தையே மாற்றியது. நீங்கள் இன்று எழுதும் ‘சோப்’ (SOAP) குறிப்பு அவர் வழி வந்தது. அவர் முதலில் கேட்டது, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் நோயாளியின் தீராத பிரச்சினைகளின் பட்டியல். எண் போட்ட பட்டியல். ஒவ்வொரு முறை வரும்போதும் அந்த எண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நாம் சோப்பை எடுத்துக்கொண்டோம், பட்டியலை விட்டுவிட்டோம். அவருக்கும் முன்னால், பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சின்ன அட்டை வைத்தார். ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் கழித்து என்ன ஆனார் என்று அதில் எழுத வேண்டும். 1911-லிருந்து 1916 வரை தன் சொந்த ஆஸ்பத்திரியில் பார்த்த 337 நோயாளிகளில் நடந்த 123 தவறுகளைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். சக டாக்டர்களுக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நம் மாநிலத்திலேயே, இப்போதே நடப்பதைப் பாருங்கள். காசநோய் இறப்பைக் குறைக்கத் தமிழ்நாடு 2022-ல் ஒரு திட்டம் தொடங்கியது. நோய் என்று தெரிந்த அன்றே சில எளிய விஷயங்களைப் பார்க்கிறார்கள். எடையும் உயரமும், காலில் வீக்கம், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எவ்வளவு. இதை வைத்து யாரை உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும் என்று பிரிக்கிறார்கள். பெரிய லேப் எதுவும் வேண்டாம். பன்னிரண்டரை மணிக் கேஸ் ஷீட்டில் நீங்கள் காலியாக விட்டீர்களே எடை, மூச்சு எண்ணிக்கை, அதே கட்டங்கள்தான் இவை.

சரி, தேடிப் போகிறோம். எப்படிப் போவது? மூன்று பேர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு தெருமுனையில் நின்று, “டி.பி. பேஷன்ட் வீடு எது?” என்று கேட்டால், அன்றோடு அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வருவது நிற்கும். செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1955-லிருந்து மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதற்கு முன்பு அது லேடி வில்லிங்டன் தொழுநோய் சானடோரியம். நோயைவிட நோயின் பெயர் ஒரு குடும்பத்தை என்ன பாடுபடுத்தும் என்று இந்தச் சுற்றுவட்டாரத்துக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போகிறவர் ஒருவராகவோ இருவராகவோ, கோட்டு இல்லாமல், பெயரை மட்டும் சொல்லி விசாரித்துப் போகட்டும். என்ன நோய் என்பதை நோயாளியிடம் தவிர வேறு யாரிடமும், மாமியாரிடமும்கூட, சொல்லக் கூடாது. இன்னொன்று. கேஸ் ஷீட்டை மொபைலில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, ‘இவரை யார் ஃபாலோ பண்றது?’ என்று கேட்கும் பழக்கம் வந்திருக்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் அறுபது போன்களில் ஒரு மனிதரின் பெயரும் நோயும் நிரந்தரமாகக் கிடக்கிறது. அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஊரில் ஏற்கெனவே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியருக்கு எந்த வீட்டில் யார் கர்ப்பம் என்பது மனப்பாடம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். பலர் அந்தந்த ஊர்க்காரர்களே. உங்கள் பட்டியலில் ‘வரவில்லை’ என்று இருக்கும் பாதிப்பேர் அவர்கள் பட்டியலில் மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு முறை இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். நோயாளி சம்மதத்தோடு, அந்தச் செவிலியரிடம் மரியாதையாகப் போய்க் கேளுங்கள். ‘மேடம், நாங்க எம்.பி.பி.எஸ். ஸ்டூடன்ட்ஸ்’ என்று ஆரம்பிக்காமல், ‘அக்கா, உங்க உதவி வேணும்’ என்று ஆரம்பியுங்கள்.

கருவி என்று பார்த்தால், தையல் போட்ட நீள நோட்டு ஒன்று போதும். கழன்று போகும் தாள் வேண்டாம். ஒரு கேஸ் ஷீட்டில் கேள்விக்குறி விழுந்தால், அல்லது ரிசல்ட்டுக்கோ ரெஃபரலுக்கோ காத்திருந்தால், அந்த நோயாளிக்கு நோட்டில் ஒரு வரி. எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், யார் தேடப் போகிறார், இரண்டும் அந்த வரியில் இருக்க வேண்டும். ‘டீம்’ என்று எழுதக் கூடாது, ஒரு மனிதரின் பெயர் வேண்டும். போஸ்டிங் முடிந்து போகும்போது நோட்டை அடுத்தவர் கையில் கொடுத்து, வரி வரியாகப் படித்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும். முடிந்தால் புது மாணவரை நோயாளி வீட்டுக்கே கூட்டிப் போய், ‘இனிமே இவர் வருவார்மா’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதைவிடச் சிறந்த ஹேண்ட் ஓவர் எந்த கம்ப்யூட்டரிலும் இல்லை.

அந்த வரி எப்போது முடியும்? திரும்பி வந்தார் என்றால் முடியும். வேறு இடத்தில் சிகிச்சை எடுக்கிறார் என்று சீட்டைப் பார்த்து உறுதி செய்தால் முடியும். ‘எனக்கு வேண்டாம், தொந்தரவு பண்ணாதீங்க’ என்று அவரே சொன்னால், அவருக்கு அந்த உரிமை உண்டு. விளக்கிச் சொல்லி, எழுதி, மேற்பார்வை டாக்டர் கையெழுத்தோடு முடியும். இறந்துவிட்டார் என்றாலும் எழுதுங்கள், எப்போது, எதனால் என்று வீட்டார் சொல்வதையும் எழுதுங்கள். அதை எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அடுத்த கேஸ் ஷீட்டில் இன்னும் சீக்கிரம் தேடிப் போக வேண்டும் என்று சொல்வது அந்த வரிதான். ‘மூன்று முறை போன் செய்தோம், எடுக்கவில்லை’ என்பது மட்டும் முடிவு ஆகாது.

கேஸ் ஷீட்டைப் பத்திரமாக வைப்பதற்குச் சட்டமும் உண்டு. உள்நோயாளிப் பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் நகல் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை சொல்கிறது. அது வார்டுக்கு. குப்பத்து மேஜைக்கு அப்படிப் பட்டவர்த்தனமாக யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் அந்த விதியை நீங்களே உங்களுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் கிளினிக் நடத்த வந்தால் பந்தல் போட்டுக் கொடுக்கிறீர்கள், டீ கொடுக்கிறீர்கள், சந்தோஷம். அதோடு, வாசலில் வந்து ஒருவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதற்கு என்று துருவாமல் வீட்டைக் காட்டுங்கள். உங்கள் பையில் இருக்கும் பழைய சீட்டை அவர்கள் கேட்காவிட்டாலும் எடுத்து நீட்டுங்கள். போன வாரம் எடுத்த ரத்தத்துக்கு ரிசல்ட் என்ன ஆச்சு என்று தைரியமாகக் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் பெட்டி திறக்கும்.

மாணவர்களே, அடுத்த கிளினிக்கில் மேஜையைப் போட்டதும் புது டோக்கன் கொடுக்காதீர்கள். முதல் ஒரு மணி நேரம், போன தடவை விட்டுப்போன வரிகளுக்கு ஒதுக்குங்கள். இரண்டு பேர் மேஜையில் இருங்கள், இரண்டு பேர் தெருவுக்குள் போங்கள். அன்றைக்குப் பத்து நோயாளி குறைவாகப் பார்த்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.